விளையாட்டுப் பொறியும் கணினியும்: ஒரு செலவாராய்ச்சி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட் ஒயில் கம்பனி சீனநாட்டில் மண்ணெண்ணெய் விற்றுவந்தது. சீனத்துக் குடியானவர் அக்காலத்தில் தாவர எண்ணெய் வார்த்த விளக்குகளையே ஏற்றிவந்தனர். மண்ணெண்ணெய்க்கேற்ற விளக்கு அவர்களிடம் இல்லை. விளக்கு இல்லாதவன் எண்ணெய் வாங்கான். ஆதலின் கம்பனியார் 'மெய் பூ' என்னும் பெயருடைய சிறு விளக்கொன்றைச் செய்வித்து, மிகக் குறைந்த விலைக்கு நாடெங்கும் பரப்பினர். விளக்கை விற்று ஊதியம் பெறுதல் அவர்தம் நோக்கமன்று. விளக்குப் புகுந்த வீட்டில் மாலைதோறும் எண்ணெய் எரியும் என்பதே அவர்கள் போட்ட கணக்கு. விளக்கு மலிவாகக் கிடைத்ததென மகிழ்ந்தவன், அதன் உண்மை விலையை எண்ணெய்க் கடையிலே சிறிது சிறிதாகச் செலுத்திவந்தான்.

இன்று இளைஞர் பெரிதும் விரும்பும் மின்னியல் விளையாட்டுக்களின் வணிகத்தை விளங்கிக்கொள்ள இவ்விளக்கின் கதையிலும் சிறந்த முன்னுரை வேறில்லை. இவ்விளையாட்டுக்களை ஆடுதற்குரிய கருவிகள் இருவகைப்படும். ஒன்று, விளையாட்டின் பொருட்டே செய்யப்பட்டுத் தொலைக்காட்சியோடு இணைக்கப்படும் பெட்டி. இதனைக் கொன்சோல் என்பர். ஈண்டு விளையாட்டுப் பொறி எனப்படும். சோனியின் பிளேஸ்டேஷன், மைக்ரோசொப்டின் எக்ஸ்பொக்ஸ், நின்டெண்டோவின் சுவிட்ச் ஆகியன இவ்வகையின. மற்றையது கணினி. எழுதவும் கணக்கிடவும் கற்கவும் உதவுகின்ற அதே கணினி, தக்க உறுப்புக்கள் பூட்டப்பெறின் விளையாட்டுக்கும் உரியதாகின்றது. இவ்விரண்டனுள் எது செலவு குறைந்தது என்னும் வினா பிள்ளைகளிடையே ஓயாது எழுவது. பெற்றோர் பெரும்பாலும் கடையிலே தொங்கும் விலைச்சீட்டை நோக்கி ஒரு நொடியில் அதற்கு விடை கண்டுவிடுகின்றனர். அவ்விடை எத்துணைப் பொருத்தமுடையது என்பதே ஆராயத்தக்கது. விலைகள் யாவும் தெளிவாக அறிவிக்கப்பெற்ற சந்தை அமெரிக்கச் சந்தையாதலின், பின்வரும் கணக்குகள் அந்நாட்டு டொலரிலேயே தரப்படுகின்றன.

விலைச்சீட்டை மட்டும் நோக்கினால் வழக்கு உடனே தீர்ந்துவிடும். 2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 வெளிவந்தபோது அதன் விலை 499 டொலர்; இறுவட்டு இடும் வாயில் இல்லாத வகைக்கு 399 டொலர். எக்ஸ்பொக்ஸ் சீரீஸ் எக்ஸ் 499 டொலருக்கும், ஆற்றல் குறைந்த சீரீஸ் எஸ் 299 டொலருக்கும் விற்கப்பட்டன. அதே ஆண்டு செப்டெம்பரில் என்விடியா கம்பனி கணினிக்கென வெளியிட்ட ஆர்.ரி.எக்ஸ் 3080 என்னும் கிராபிக்ஸ் அட்டையின் விலை 699 டொலர். உறுப்பொன்றின் விலை முழு உடலின் விலையை விஞ்சிற்று. அவ்வட்டையின் ஆற்றல் பொறியின் ஆற்றலிலும் மிக்கது என்பது உண்மையே. ஆயினும், பொறிக்கு ஏறத்தாழ நிகரான கணினியொன்றை அன்று அமைக்க முற்பட்டவனும் அதன் விலையின் இருமடங்களவு செலவிட வேண்டியவனாயிருந்தான்.

பொறி இவ்வாறு மலிவாய் இருத்தற்குக் காரணம் இரண்டு. முதலாவது நேரிய சிக்கனம். கணினியிலே மையச் செயலி வேறு, கிராபிக்ஸ் அட்டை வேறு, இரண்டிற்கும் நினைவகம் வேறு. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பொக்ஸ் சீரீஸ் எக்ஸ் ஆகிய இரண்டிலுமோ ஏ.எம்.டி. கம்பனி செய்த ஒரே சில்லு இரு தொழிலையும் புரிய, 16 கிகாபைட் நினைவகம் பொதுவில் வைத்துப் பகிரப்படுகின்றது. ஒரே அமைப்பில் கோடிக்கணக்கிற் செய்யும்போது ஒவ்வொன்றின் அடக்கவிலையும் குறைகின்றது. இதிற் குறைகாண ஒன்றுமில்லை. இரண்டாவது காரணமே மெய் பூ விளக்கை நினைவூட்டுவது. 2021 ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் எபிக், அப்பிள் ஆகிய கம்பனிகளுக்கிடையே நடந்த வழக்கிலே மைக்ரோசொப்ட் அதிகாரியொருவர் சான்று கூறினார். எக்ஸ்பொக்ஸ் பொறிகளை விற்பதாற் கம்பனி எக்காலத்தும் இலாபம் பெற்றதில்லை என்பதே அவர் கூற்று. இலாபம் வருவது, அப்பொறியில் விற்கப்படும் விளையாட்டு ஒவ்வொன்றிலும் கம்பனி பெறும் நூற்றுக்கு முப்பது பங்கினால்.

இம்முறை தொடக்கந்தொட்டே இருந்ததன்று, தோல்விகளிலிருந்து கற்றுக்கொள்ளப்பட்டது. 1977 இல் அட்டாரி கம்பனி வெளியிட்ட பொறிக்கு எவரும் விளையாட்டு எழுதக்கூடிய நிலை இருந்தது. 1979 இல் அக்கம்பனியை விட்டு நீங்கிய நிரலாளர் சிலர் அக்டிவிஷன் என்னும் கம்பனியைத் தொடங்கி, அட்டாரிப் பொறிக்குத் தாமே விளையாட்டுக்கள் செய்து விற்றனர். அட்டாரி வழக்குத் தொடர்ந்தது. வழக்கு 1982 இல் உரிமைக் கட்டணம் செலுத்தும் உடன்பாட்டுடன் முடிந்தது. ஆயின் மதகு திறந்துவிட்டது. யார் யாரோ செய்த தரமற்ற விளையாட்டுக்கள் கடைகளில் நிரம்பி, 1983 இல் அமெரிக்கச் சந்தையே சரிந்தது. விற்பனையாகாத பேழைகளை அட்டாரி நியூ மெக்சிக்கோ மாநிலத்து அலமகோர்டோ என்னும் ஊரில் மண்ணிற் புதைத்தது. இதனை வெறுங்கதை எனப் பலர் எண்ணியிருக்க, 2014 இல் அவ்விடத்தைத் தோண்டியவர்கள் பேழைகளைக் கண்டெடுத்தனர்.

அச்சரிவை நன்கு நோக்கியிருந்த நின்டெண்டோ, 1985 இல் அமெரிக்காவில் தன் பொறியை அறிமுகஞ் செய்தபோது, அதனுள் ஒரு பூட்டுச் சில்லை அமைத்தது. அச்சில்லுக்கு இணையான சில்லொன்று விளையாட்டுப் பேழையிலும் இருந்தாலன்றிப் பொறி இயங்காது. இணைச் சில்லு வேண்டுவோர் நின்டெண்டோவிடம் அனுமதி பெறல்வேண்டும். பேழைகளை அதனிடமே செய்வித்து முன்பணம் கட்டல்வேண்டும். ஆண்டொன்றிற்கு ஐந்து விளையாட்டுக்களுக்கு மேல் வெளியிடலாகாது. தரத்தைக் காத்தற்கென்று கூறப்பட்ட அப்பூட்டு, சுங்கச் சாவடியாகவும் பயன்பட்டது. அன்று தொட்டு, சாவடி இல்லாத பொறி நிலைபெற்றதில்லை.

இதற்குச் சான்று 1993 இல் வந்த திரீ-டி-ஓ என்னும் பொறி. எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் கம்பனியைத் தோற்றுவித்த ட்ரிப் ஹோக்கின்ஸ் என்பாரே இதற்கும் மூலவர். விளையாட்டுச் செய்வோரை நின்டெண்டோவின் பிடியிலிருந்து விடுவிக்க விரும்பிய அவர், இறுவட்டு ஒன்றிற்கு 3 டொலர் மட்டுமே கட்டணமாகப் பெற்றார். பொறியைச் செய்யும் வேலையைப் பனசொனிக் முதலிய கம்பனிகளிடம் ஒப்படைத்தார். விளையாட்டு விற்பனையிற் பங்கு இல்லாத அக்கம்பனிகள் பொறியின் விலையிலேயே தம் இலாபத்தைத் தேட வேண்டியனவாயின. எனவே பொறியின் விலை 699 டொலராயிற்று. ஈராண்டு கழித்து, 1995 செப்டெம்பரில், சோனி தன் முதற் பிளேஸ்டேஷனை 299 டொலருக்கு அமெரிக்காவில் விற்றது. திரீ-டி-ஓ விரைவில் மறைந்தது. உண்மை விலையைச் சொன்னவன் தோற்றான், மறைத்துச் சொன்னவன் வென்றான் என்று இதனைச் சுருக்கிக் கூறுவாரும் உளர். அஃது ஓரளவு கடுமையான தீர்ப்பே; எனினும் முற்றும் பிழையன்று.

மறைத்துக் கூறும் விலைக்கும் ஓர் எல்லை உண்டு. 2006 நவம்பரில் பிளேஸ்டேஷன் 3 வெளிவந்தபோது அதன் இரு வகைகள் 499 டொலருக்கும் 599 டொலருக்கும் விற்கப்பட்டன. பொறியைப் பிரித்து ஆராய்ந்த ஐசப்ளை என்னும் ஆய்வு நிறுவனம், 599 டொலர்ப் பொறிக்குச் சோனி செலவிட்டது ஏறத்தாழ 840 டொலர் என மதிப்பிட்டது. அந்நிதியாண்டில் சோனியின் விளையாட்டுப் பிரிவு 23,000 கோடி யென்னுக்கு மேல் நட்டப்பட்டது. இந்நட்டத்தைப் பிறர் எவ்வாறு பயன்படுத்தினர் என்பது சுவையான செய்தி. அமெரிக்க விமானப்படையின் ஆய்வுகூடம் ஒன்று, 2010 இல், ஏறத்தாழ 1,700 பிளேஸ்டேஷன் 3 பொறிகளை இணைத்து ஒரு மீக்கணினியை அமைத்தது. ஒத்த ஆற்றலை வேறு வழியிற் பெறுவதிலும் இது பன்மடங்கு மலிவாயிருந்தது. வீரர்கள் அப்பொறிகளில் விளையாடவில்லை, இறுவட்டொன்றும் வாங்கவில்லை. விளக்கை வாங்கிக்கொண்டு எண்ணெயை வாங்காது சென்ற விருந்தினர் போன்றனர் அவர்.

பிளேஸ்டேஷன் 3 இல் லினக்ஸ் என்னும் இயக்கமுறைமையை நிறுவிக் கணினிபோற் பயன்படுத்தும் வசதி தொடக்கத்தில் இருந்தமையாலேயே இஃது இயன்றது. அவ்வசதியைச் சோனி 2010 ஏப்ரில் 1 ஆந் தேதி வெளியிட்ட மென்பொருட் திருத்தத்தினால் நீக்கிவிட்டது. பாதுகாப்பே காரணம் எனக் கூறப்பட்டது. திருத்தத்தை ஏற்காதவர் இணையத்தில் விளையாட முடியாது; ஏற்றவரோ லினக்ஸை இழந்தனர். வாங்குவோர் சார்பில் வழக்குத் தொடரப்பட்டு, சோனி இழப்பீடு வழங்க உடன்பட்டது. காசு கொடுத்து வாங்கிய பொருளின் தொழிலொன்று, வாங்கியபின் வீட்டிலிருந்தபடியே குறைக்கப்பட்டமை கவனிக்கத்தக்கது. செலவுக் கணக்கில் இதனை எந்நிரலில் எழுதுவது?

எல்லாப் பொறிகளும் எக்காலத்தும் நட்டத்திற்கே விற்கப்படுகின்றன எனக் கொள்ளல் ஆகாது. நின்டெண்டோ 2006 இல் வெளியிட்ட வீ என்னும் பொறி தொடக்கத்திலேயே இலாபந் தந்தது. 499 டொலர் விலையுள்ள பிளேஸ்டேஷன் 5 இப்போது நட்டத்திற்கு விற்கப்படவில்லை எனச் சோனி 2021 ஆகஸ்டில் அறிவித்தது. ஆயினும் சாவடி நட்டத்தை ஈடுசெய்தற்கு மட்டும் எழுப்பப்பட்டதன்று. நட்டம் தீர்ந்த பின்னரும் அது நிற்கும்.

இனி இச்சாவடியில் விளையாடுவோன் செலுத்துவன எவை என நோக்குதல் வேண்டும். முதலாவது, இணையத்திற் பிறரோடு ஆடுதற்குரிய சந்தா. பிளேஸ்டேஷன் 3 இல் இது கேட்கப்படவில்லை. 2013 இல் வந்த பிளேஸ்டேஷன் 4 முதல் கேட்கப்படுகின்றது. ஆண்டுச் சந்தா 50 டொலராயிருந்து 2016 இல் 60 டொலராகவும், 2023 செப்டெம்பரில் 80 டொலராகவும் உயர்ந்தது. கணினியில் இத்தகைய சந்தா இல்லை. இரண்டாவது, விளையாட்டின் விலை. கணினியிலே வால்வ் கம்பனி 2003 இல் தொடங்கிய ஸ்டீம் என்னும் இணையக்கடையும் நூற்றுக்கு முப்பதே பெறுகின்றது. மிக அதிகமாக விற்கும் விளையாட்டுக்களுக்கு மட்டும் 2018 முதல் அதனை இருபத்தைந்தும் இருபதுமாகக் குறைத்தது. எனவே பங்கின் அளவில் வேறுபாடு பெரிதன்று. வேறுபாடு கதவுகளின் தொகையில் உள்ளது. ஸ்டீமில் விற்போர், தம் விளையாட்டின் திறவுக் குறியீடுகளைப் பிற கடைகளிலும் விற்கலாம். அவ்விற்பனையில் வால்வ் பங்கு பெறுவதில்லை. எபிக் கம்பனி 2018 டிசெம்பரில் போட்டிக்கடை திறந்து, நூற்றுக்குப் பன்னிரண்டே பெற்றதோடு, விளையாட்டுக்களை இலவசமாகவும் கொடுக்கத் தொடங்கியது. சோனியோ, தன் பொறிக்குரிய முழு விளையாட்டுக்களின் குறியீடுகளைப் பிற கடைகள் விற்கும் வழக்கத்தை 2019 ஏப்ரிலில் நிறுத்திவிட்டது. அதன்பின் இறுவட்டில்லாப் பொறி உடையவனுக்குக் கடை ஒன்றே.

கணக்கொன்று போட்டுப் பார்ப்பின் இவை தெளிவாகும். 2020 நவம்பரில் ஒருவன் 500 டொலருக்குப் பிளேஸ்டேஷன் 5 வாங்குகின்றான். மற்றொருவன் அதனை ஒத்த கணினியை 1,000 டொலருக்கு அமைக்கின்றான் என்க. தொலைக்காட்சியும் கணினித்திரையும் இருவர் வீட்டிலும் முன்பே உள்ளன. கணினிக்காரன் முதலிற் கூடுதலாகச் செலவிடுவது 500 டொலர். இருவரும் நாளொன்றிற்கு இரண்டு மணி நேரம் விளையாடுவர். பொறி 200 உவாற்றும் கணினி 350 உவாற்றும் மின்சாரம் கொள்ளுமாயின், ஆண்டிற்கு 730 மணி நேரத்தில் வேறுபாடு ஏறத்தாழ 110 அலகு. அலகொன்று 17 சதம் என வைத்தால் ஐந்தாண்டில் 93 டொலர். ஆகவே கணினியின் மிகைச் செலவு மொத்தம் 593 டொலர். மறுபுறம், பொறிக்காரன் ஐந்தாண்டுச் சந்தாவாக மூன்றாண்டு அறுபதும் ஈராண்டு எண்பதும் செலுத்துவான். கூட்டினால் 340 டொலர். விளையாட்டொன்றிற்குக் கணினிக்காரனிலும் சராசரி 10 டொலர் கூடுதலாகக் கொடுப்பான் எனக் கொள்க. 593 இலிருந்து 340 ஐக் கழித்தால் எஞ்சுவது 253. எனவே ஐந்தாண்டில் இருபத்தாறு விளையாட்டுக்கள், அதாவது ஆண்டிற்கு ஏறத்தாழ ஐந்து வாங்குவோனுக்கு இரு கருவிகளும் சமம். அதனிலும் மிகுதியாக வாங்குவோனுக்குக் கணினி மலிவு. குறைவாக வாங்குவோனுக்குப் பொறி மலிவு.

இணையத்தில் ஆடாது, தனியே கதைவழி விளையாட்டுக்களை மட்டும் ஆடுவோனுக்குச் சந்தா வேண்டியதில்லை. அவனுக்குச் சமநிலை அறுபது விளையாட்டுக்களில், மாதத்திற்கு ஒன்றென்ற அளவில், வரும். பள்ளி மாணவன் எவனும் அத்தனை விளையாட்டுக்களை வாங்கியும் முடித்தும் தேர்வில் தேறுவான் என நம்புதற்கில்லை. போட்னைட் போன்ற இலவச விளையாட்டொன்றையே நாள்தோறும் ஆடுவோனுக்கும் சந்தா வேண்டியதில்லை. பிளேஸ்டேஷனில் முன்னரும், எக்ஸ்பொக்ஸில் 2021 ஏப்ரில் முதலும் இதுவே விதி. அவனுக்கு 299 டொலர்ப் பொறி அன்று மலிவானதொரு வழியாயிருந்தது. அவன் பணத்தைக் கறக்கும் வழி வேறு. விளையாட்டு வீரனுக்கு அணிவிக்கும் வண்ண ஆடைகள் கடையில் தொங்கிக்கொண்டேயிருக்கும்.

எனினும் இக்கணக்கை முற்றாகப் புரட்டிவிடக்கூடிய செய்தி ஒன்றுண்டு. கற்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் எவ்வாற்றானும் ஒரு கணினி வேண்டும். அத்தகைய சாதாரணக் கணினிக்கு 400 டொலர் ஆகுமெனின், பொறி வாங்கும் குடும்பம் அதனையும் தனியே வாங்கும். விளையாட்டுக் கணினி வாங்கும் குடும்பத்திற்கு அச்செலவு இல்லை. கணினியின் மிகைச் செலவு 593 இலிருந்து 193 ஆக இறங்கிவிடும். அது சந்தாத் தொகையாகிய 340 டொலரிலும் குறைவு. ஒரு விளையாட்டும் வாங்குமுன்னரே கணினி வென்றுவிடுகின்றது. ஆனால் இவ்வெற்றி தாளில் மட்டும் முழுமையானது. தம்பி விளையாடுகின்ற நேரத்தில் அக்காள் கட்டுரை எழுத முடியாது. மேசைமேல் நிற்கும் விளையாட்டுக் கணினியைப் பல்கலைக்கழகத்திற்குத் தூக்கிச் செல்லவும் முடியாது. ஒரு கருவி இரு தொழில் செய்யும் என்பது ஒருவர் மட்டும் வாழும் வீட்டிற்கே நன்கு பொருந்தும்.

பொறியின் பக்கம் நின்று வாதிடுவோர் கையில் வலிய சான்று ஒன்று இருக்கின்றது, அஃது இறுவட்டு. எழுபது டொலருக்கு வாங்கிய இறுவட்டை ஆடி முடித்தபின் விற்கலாம். நண்பனுக்கு இரவல் கொடுக்கலாம். பழைய இறுவட்டைப் பாதி விலைக்கு வாங்கலாம். மேற்கூறிய இருபத்தாறு விளையாட்டுக்களுள் பதின்மூன்றை ஒவ்வொன்றும் 25 டொலருக்கு விற்றாலே 325 டொலர் திரும்பிவிடும். அந்நிலையில் தராசு பொறிப்பக்கம் சாயும். கணினிக்காரனுக்கு இவ்வழி அடைபட்டுவிட்டது. ஸ்டீமில் வாங்கிய விளையாட்டை மறுவிற்பனை செய்யலாம் எனப் பாரிஸ் நீதிமன்றம் ஒன்று 2019 இல் தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டில் 2022 இல் அத்தீர்ப்பு மாற்றப்பட்டது.

பொறிக் கம்பனிகளும் இறுவட்டை விரும்புவதில்லை. 2013 இல் மைக்ரோசொப்ட் தன் எக்ஸ்பொக்ஸ் ஒன் பொறியிலே பழைய இறுவட்டுக்களைக் கைமாற்றுவதற்குக் கட்டுப்பாடுகள் விதிக்க முற்பட்டது. மக்கள் எதிர்ப்பு ஓங்கவே, சில கிழமைகளுக்குள், அவ்வாண்டு ஜூன் 19 இல், அதனைக் கைவிட்டது. ஆயின் எதிர்ப்பினால் தடுக்கப்பட்டதைப் பின்னர் விலைக்குறைப்பு எளிதாகச் செய்துகொடுத்தது. இறுவட்டு வாயில் இல்லாத பிளேஸ்டேஷன் 5 நூறு டொலர் குறைவாக விற்கப்பட்டதன்றோ? அந்நூறு டொலரை மிச்சப்படுத்தியவன், பழைய இறுவட்டுக்களின் சந்தையைத் தன் கையாலேயே அடைத்துக்கொண்டான். மேற்கண்ட விலையில் நான்கு இறுவட்டுக்களை மறுவிற்பனை செய்திருந்தாலே அந்நூறு திரும்பியிருக்கும். இரு கருவிகளுக்கும் இடையே பொறிக்கு இருந்த சிறப்புக்களுள் இதனையே முதன்மையாகக் கூறல்வேண்டும். இறுவட்டில்லாத பொறி, கணினியின் குறையையும் பொறியின் குறையையும் ஒருங்கே உடையது.

கணினிக்காரனையும் தாக்கும் செலவுகள் சில உள. ஸ்டீமின் மலிவு விற்பனைக் காலங்களில் வாங்கிக் குவித்து, ஒருநாளும் திறவாத விளையாட்டுக்கள் பலரிடம் உண்டு. பொறி உடையவன் ஏழாண்டு வரை உறுப்பு மாற்றும் கவலையின்றி இருப்பான். கணினி உடையவனோ புதிய அட்டை வந்ததெனக் கேட்டதும் உறக்கம் இழப்பான். ஆயினும் மாற்றுவது அட்டை ஒன்றே. பெட்டியும் மின்வழங்கியும் சேமிப்பகமும் மீண்டும் பயன்படும். 1993 இல் வெளிவந்த டூம் என்னும் விளையாட்டை இன்றைய கணினியிலும் ஆடலாம். பிளேஸ்டேஷன் 3 இன் இறுவட்டுக்களைப் பிளேஸ்டேஷன் 4 ஏற்கவில்லை.

மேலே 1,000 டொலர் எனக் கொண்ட கணினியும் ஓரளவு கற்பனையே எனல்வேண்டும். 2021 இல் கிராபிக்ஸ் அட்டைகள் அறிவித்த விலைக்குக் கிடைத்தில. எதீரியம் என்னும் மறைக்குறி நாணயத்தை ஈட்டுதற்கு அவ்வட்டைகளே கருவியாயிருந்தமையால், நாணயம் தேடுவோர் அவற்றை மொத்தமாக வாங்கினர். 699 டொலர் அட்டை இருமடங்கு விலைக்குக் கைமாறிற்று. 2022 இல் நெருக்கடி தணிந்தது; அவ்வாண்டு செப்டெம்பரில் எதீரியம் அம்முறையைக் கைவிட்டது. பின்னர் 2025 இறுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான தரவு நிலையங்கள் நினைவகச் சில்லுக்களை வாங்கிக் குவிக்கவே, கணினி நினைவகத்தின் விலை மிக உயர்ந்தது. மைக்ரோன் கம்பனி அவ்வாண்டு டிசெம்பரில், பொதுமக்களுக்கு நினைவகம் விற்றுவந்த தன் குறூசல் வணிகத்தை விட்டு விலகுவதாக அறிவித்தது. விளையாடுவோன் வாங்கும் உறுப்புக்களுக்கு அவனிலும் செல்வமுடைய போட்டியாளர் இருக்கின்றனர் என்பது கணினியின் நிலையான இடர்.

பொறி வாங்குவோனை இவ்விடர் தீண்டாது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. பொறியின் விலை காலஞ்செல்லக் குறையும் என்பது மாறாத நியதிபோல் இருந்தது. பிளேஸ்டேஷன் 2 ஆனது 2000 இல் 299 டொலர். 2002 இல் 199. 2004 இல் 149. 2006 இல் 129. 2009 இல் 99. பொறுமையுடையவன் மூன்றிலொரு பங்கு விலைக்கு அதே பொருளைப் பெற்றான். வறிய குடும்பத்துப் பிள்ளைக்கு அதுவே வாயிலாயிருந்தது. இந்நியதி 2022 ஆகஸ்டில் முறிந்தது. ஐரோப்பாவில் 499 யூரோவாக இருந்த பிளேஸ்டேஷன் 5 ஐச் சோனி 549 யூரோவாக உயர்த்தியது. அமெரிக்காவில் 2025 ஆகஸ்டில் அதே பொறி 50 டொலர் ஏறிற்று. எக்ஸ்பொக்ஸ் சீரீஸ் எக்ஸ் 2025 மே மாதத்தில் 599 டொலராகவும் ஒக்டோபரில் 649 டொலராகவும் உயர்ந்தது. ஐந்தாண்டு பழைமையான பொறி, பிறந்தநாளிலும் 150 டொலர் கூடிய விலையுடையதாயிற்று. சில்லுக்களைச் சிறிதாக்கிச் செலவு குறைக்கும் பழைய வழி மெலிந்ததும், பணவீக்கமும், அமெரிக்காவின் புதிய இறக்குமதி வரிகளும் இதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. காத்திருப்பவனுக்குக் கிடைத்துவந்த ஊதியம் போயிற்று. சந்தாவும் சாவடியும் மட்டும் இருந்தவாறே இருந்தன.

இந்நிலையில் 2025 நவம்பரில் வால்வ் கம்பனி ஸ்டீம் மெஷின் என்னும் சிறு பெட்டியொன்றை அறிவித்தது. தொலைக்காட்சியின் அருகே வைத்துக் கைப்பிடியால் ஆடத்தக்கதாகலின் தோற்றத்தில் அது பொறி. உள்ளே லினக்ஸ் இயங்குவதாலும், வேண்டிய மென்பொருளை எவரும் நிறுவிக்கொள்ளக் கூடுமாதலாலும் இயல்பில் அது கணினி. பொறிகளைப் போல நட்டத்திற்கு விற்று விளையாட்டில் மீட்பார்கள் என எதிர்பார்த்தோர் பலர். அவ்வாறு செய்யப்போவதில்லை, ஒத்த ஆற்றலுள்ள கணினியின் விலையே அதற்கும் இருக்கும் என அதன் பொறியியலாளர் கூறினர். கூறியது வியப்பன்று. பூட்டில்லாத பெட்டியை அடக்கவிலைக்குக் கீழே கொடுத்தால், அலுவலகமொன்று அதனை நூறாக வாங்கி, மேசைகளில் வைத்துக் கணக்கெழுதும். ஒரு விளையாட்டும் வாங்காது. விமானப்படை சோனிக்குச் செய்தது வால்வுக்கும் நிகழும்.